விருந்துக்கு வந்த வெள்ளைக்கரை

பூவரசந்தீவுக்கு வெள்ளை மணல் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் படகு ஏறுவதற்கு முன்னால் மணல் வீட்டில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள், ஏனென்றால் எங்கள் மணல் எல்லா நாளும் வீட்டிலேயே கிடக்கிற மணல் இல்லை, அதற்கும் நாலு பேர் பழக்கம் இருக்கிறது, போக வர இருக்கிறது.

அக்கரையிலிருந்து பார்த்தால் எங்கள் தீவு கவிழ்த்துப் போட்ட தோசைக்கல் மாதிரிதான் தெரியும். நடுவில் பூவரச மரங்கள், மரங்களுக்கு நடுவில் வீடுகள், வீடுகளுக்கு நடுவில் ஒரு அம்மன் கோயில், கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன மாதா கோயில். வடக்கே சங்குக்கரை என்று ஒன்று இருக்கிறது, அங்கே மணலைவிட உடைந்த சங்கு அதிகம், செருப்பில்லாமல் போனால் கால் நம்மைத் திட்டும். கிழக்கே தூங்குகரை, அங்கே அலையே கிடையாது, தண்ணீர் தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி கிடக்கும். தெற்கே இருப்பதுதான் வெள்ளைக்கரை. இடியாப்ப மாவைச் சலித்துச் சலித்துக் கொட்டியது போல ஒரு மணல், உச்சி வெயிலிலும் கால் சுடாது, உள்ளங்கையில் எடுத்தால் விரலிடுக்கில் சிரித்துக்கொண்டே ஒழுகிவிடும். இப்படி ஒரு கரை இருக்கிறதென்று அப்போது வெளியில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வந்து போக ஒழுங்கான படகு கிடையாது, மீன் பிடிக்கிற வத்தைகள்தான், அதில் ஏறினால் இடுப்பு வரை நனையாமல் இறங்க முடியாது.

நான் இந்தத் தீவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது முதுகுளத்தூருக்கும் அந்தப் பக்கம், மழைக்கு அண்ணாந்து அண்ணாந்தே கழுத்து வலித்துப்போன ஒரு ஊர். தண்ணீர் என்றால் எங்களுக்குக் குடத்தில் இருப்பது, மணல் என்றால் லாரியில் போவது. ஆள் முன்னால் வந்து நின்றால் எனக்குப் பேச்சு தொண்டைக்குழி வரைக்கும் வந்து மீன் முள் மாதிரி குறுக்கே நின்றுவிடும். எங்கள் ஊரில் இதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள், அடக்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பூவரசந்தீவில் அப்படி இல்லை. இங்கே வாசலில் வந்த ஆளை வாங்க என்று கூப்பிடாமல் விட்டால் அது முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போல. சுற்றிலும் கடலாக இருக்கிற இடத்தில் கோபித்துக்கொண்டு போக வேறு ஊர் இல்லை பாருங்கள், அதனால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டே இவர்கள் இத்தனை காலம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மறுநாள் அடுத்த வீடு கூப்பிடும், அதற்கு மறுநாள் அதற்கடுத்த வீடு. வந்தவரைக் கிளம்புங்கள் என்று சொல்லக் கூடாது, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்ட ஒரு வீட்டுக்கு அந்த வருஷம் முழுக்க வலையில் தொட்டால் அரிக்கிற சொறிமீன்தான் விழுந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"ஏத்தா பாண்டிமீனா," என்பார் என் மாமியார் சேதம்மாள் அத்தை, "வந்த சனத்த வாங்கன்னு சொல்ல ஒனக்கு வாயில என்ன பூட்டா போட்டுருக்கு? நேத்து அந்தோணியம்மா வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருக்கா. நீ கதவுக்குப் பின்னால போயி நிக்கிற. ஒன் மருமக கதவுக்கு முட்டுக் குடுக்கவா வந்தான்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

நான் தலையை ஆட்டுவேன். அதற்கு மட்டும் எனக்குப் பூட்டு கிடையாது.

ஆனால் என் மனசில் வேறு ஒன்று கிடந்தது. என் அம்மா என் பிள்ளையை இன்னும் பார்த்ததில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு, அதற்குள் ரித்திகா அவசரப்பட்டு இங்கேயே பிறந்துவிட்டாள். பேத்தியைப் பார்க்க அம்மா பஸ் மாறி மாறி அக்கரை வரைக்கும் வந்தது, அலையில் ஆடிக்கொண்டிருந்த வத்தையைப் பார்த்தது, "இந்த மொறத்துலயா என்னைய ஏறச் சொல்றீக?" என்று கேட்டது, பிள்ளை மருந்தையும் சின்னச் சட்டைகளையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே திரும்பிப் போய்விட்டது. கைப்பிள்ளையோடு என்னை வத்தையில் ஏற்ற அவருக்கும் பயம். "காத்து அடங்கட்டும் மீனா" என்பார். காற்று என்றைக்கு அடங்கியது?

அப்போதுதான் அக்கரையில் கூரை போட்ட பெரிய படகு வைத்திருக்கும் சீனி மரைக்காயரிடம் ஊர்த்தலைவர் கருமலையான் மாமா போய்ப் பேசிவிட்டு வந்தார். மரைக்காயர் சொன்னாராம்: "வெள்ளக்கரை வெள்ளக்கரைன்னு சொல்றீக, நான் ஒரு தடவ கண்ணால பாக்குறேன். சனத்தக் கூட்டியாந்து காட்டுற மாதிரி இருந்தா வாரா வாரம் படகு விடுறேன், நீங்களும் ஏறிக்கிருங்க. பிடிக்கலைன்னா வருத்தப்படக் கூடாது." ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. மரைக்காயருக்குக் கரை பிடிக்க வேண்டும், பிடித்தால் படகு, படகு வந்தால் அம்மா. பாத்திரம் விளக்கும்போதும் அதுதான், பிள்ளைக்குச் சோறு பிசையும்போதும் அதுதான், கரை, படகு, அம்மா.

ரித்திகாவுக்கு நடக்கிற வயசு வந்தும் நடை வரவில்லை. நடை தாமதமாகிற பிள்ளையை மணலில் குழி தோண்டி இடுப்பு வரைக்கும் நிறுத்தி வைத்தால் கால் உறுதிப்படும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் செய்கிறது. நானும் தினம் வேலை முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்கரைக்குப் போவேன். அவள் குழிக்குள் நின்று ஊரையே ஆளுகிற மாதிரி கையை வீசிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பழக்கிக்கொண்டிருப்பேன். அங்கே ஆள் கிடையாது, முன்னால் மணல்தான். மணலைப் பார்த்துச் சொல்வேன்: "வாங்க, வாங்க. எப்ப வந்தீக? உக்காருங்க. காப்பி குடிக்கிறீகளா? வீட்ல எல்லாரும் சொகமா?" முதலில் குரலே வராது, அப்புறம் வரும், அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை நன்றாகவே வந்தது. கிளம்பும்போது பிள்ளையின் காலைத் தட்டிவிட்டு, முறையாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: "வர்றேன். நீங்களும் ஒரு நாளு வீட்டுப் பக்கம் வாங்க."

நான் வாய்க்குப் பழக்கமாகட்டும் என்றுதான் சொன்னேன். மணலுக்கு அது எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து அதை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் விடியலில் வாசல் தெளிக்கப் பிள்ளையை இடுப்பிலும் தண்ணீர் வாளியைக் கையிலும் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன், வெள்ளைக்கரை வந்திருந்தது.

அவ்வளவு பெரிய கரை எங்கள் வாசலில் எப்படி அடங்கியது என்று கேட்காதீர்கள். விருந்துக்குப் போன இடத்தில் யாரும் காலை நீட்டி உட்காருவதில்லை, அதுவும் காலை மடக்கிக்கொண்டு வேலியோரமாக அடக்கமாக உட்கார்ந்திருந்தது. வெறுங்கையோடு வரவில்லை, படியில் ஒரு குவியல் சோழி வைத்திருந்தது. கூட ஒரு சின்ன அலையையும் கூட்டி வந்திருந்தது. எட்டிப் பார்க்கும், நம் கண்ணைப் பார்த்ததும் மணலின் மடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அப்படி ஒரு வெட்கம் பிடித்த அலை. எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

வாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பின்னால் வந்த அத்தை எட்டிப் பார்த்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், "வாங்க வாங்க" என்றார். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டார்: "யாருத்தா கூப்பிட்டது?"

இடுப்பிலிருந்த ரித்திகா என் மூக்கைப் பிடித்துக் காட்டினாள்.

நான் திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். அத்தைக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க பாண்டிமீனா கூப்பிட்டுல்ல வந்துருக்காக!" கதவுக்குப் பின்னால் நிற்கிற மருமகள் கூப்பிட்டு ஒரு கரையே வந்திருக்கிறது என்றால் சும்மாவா. உடனே அடுப்பைப் பற்றவைத்து, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காப்பி ஆற்றிக் கொண்டுவந்து மணலோரம் ஊற்றினார். ஒரே மடக்கில் குடித்துவிட்டது. "காப்பி பிடிச்சிருக்கு போல" என்று அத்தை இன்னொரு டம்ளர் ஊற்றினார், அதையும் குடித்தது.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஊர் வந்துவிட்டது. அது வந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, வந்தவருக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். மத்தியானம் மீன் குழம்பு வைக்கலாமா, அது வந்தவரின் சொந்தக்காரர்களையே குழம்பு வைத்த மாதிரி ஆகாதா என்று ஒரு பேச்சு நடந்தது, கடைசியில் சாம்பாரும் அப்பளமும் என்று முடிவானது. அது என்று சொல்வதா அவுக என்று சொல்வதா என்று ஒரு சின்னச் சச்சரவு வந்தது, வயசைப் பார்த்தால் ஊரிலேயே மூத்தது என்பதால் அவுக என்று ஆனது. அந்தோணியம்மா அக்கா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, "இந்தாங்க, நாளைக்கு எங்க வீட்டுக்குத்தான் வரணும், சொல்லிப்புட்டேன். இவுக வீட்டுக் காப்பி வெறும் வெந்நீரு" என்றார்.

"ஆமா, இவ வீட்ல மாட்டுப் பண்ணை வச்சிருக்கா" என்றார் அத்தை.

மறுநாள் விடிந்தபோது எங்கள் வாசல் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, அந்தோணியம்மா அக்கா வாசலில் வெள்ளைக்கரை உட்கார்ந்திருந்தது, அக்கா வேண்டுமென்றே எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஊருக்கே வெறி பிடித்துவிட்டது. காலையில் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மணல் வந்த வீட்டில் வராத சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்தது. கோழிகளுக்கு முதலில் கால் புதைந்து கோபம் வந்தது, அப்புறம் அதிலேயே முட்டை போட்டன. இடுப்பு வலிக்காரர்கள் வந்து மத்தியானத்தில் படுத்து எழுந்து, வலி கொஞ்சம் விட்டது போல இருக்கிறது என்றார்கள். அதுவும் நல்ல விருந்தாளியாக நடந்துகொண்டது. அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்காது, ரேடியோவைச் சத்தமாக வைத்தால் மட்டும் லேசாக நகர்ந்து உட்காரும், போகிற வீட்டுக்கெல்லாம் படியில் சோழி வைக்கும், போகும்போது ஒரு குருமணல் கூட விட்டுப் போகாது. கருமலையான் மாமா வீட்டில் மட்டும் ஒரு வேளை கூடுதலாகத் தங்கியது. அவர் தனக்குக் காய்ச்சல் என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார், உடம்பு சரியில்லாதவரை விட்டுவிட்டு எப்படிப் போவதென்று அதுவும் இருந்துவிட்டது. அவர் போர்வைக்குள் முறுக்குக் கடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்டது.

இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் தெற்கே வலையை எடுக்கப் போன என் வீட்டுக்காரர் நம்புராஜ் கருமலையான் மாமாவிடம் ஓட்டமாக ஓடிவந்தார்.

"நாளைக்கு மரைக்காயர் வர்றாரு. அங்க ஒண்ணுமே இல்ல மாமா. வெறும் கறுப்புப் பாறையும் சகதியும் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கு."

எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊர்ப் பூவரச மரத்தடியில் கூடினார்கள். கரை இல்லாத கரையைப் பார்த்தால் மரைக்காயர் அப்படியே படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். கரை இல்லை, படகு இல்லை, அம்மா இல்லை.

"மரைக்காயர நேரா தெருவுக்குள்ள கூட்டியாந்துருவோம்" என்றார் அந்தோணியம்மா அக்கா. "வெள்ளக்கரை இன்னைக்கு இன்னார் வீட்லன்னு சொல்லிருவோம். எந்த ஊர்ல இருக்கு இந்த மாதிரி?"

"படகு எங்க வந்து நிக்கும், ஒன் கொழம்புச் சட்டியிலயா?" என்றார் கருமலையான் மாமா. காய்ச்சல் போயிருந்தது.

"நாலு மம்பட்டியும் கூடையும் எடுத்தா சாயங்காலத்துக்குள்ள அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏன்டா, ஒங்க அக்கா வந்தா இப்படித்தான் கூடையில அள்ளித் தெக்க கொட்டுவியா?" என்று அத்தை கேட்டார். அதற்குள் யாரோ ஒருவர் மண்வெட்டியோடு வந்து நிற்க, எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மணல் சடக்கென்று இன்னும் காலை இழுத்து மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தச் சின்ன அலை வெளியே வரவே இல்லை.

கிளம்புங்கள் என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது, கடைசியில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கூப்பிட்ட ஆள்தானே பேச வேண்டும். கூப்பிட்ட ஆள் பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏத்தா," என்றார் அத்தை, திட்டுகிற குரலில் இல்லை, "ஏதாவது சொல்லுத்தா. ஒன் பேச்சுக்குத்தான் அவுக வந்தாக."

என்ன சொல்ல? எனக்கு ஊர்ப் பேச்சு தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைப் போல ஒதுங்கி நிற்கிற ஆளின் மனசுதான். நான் அடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்னை எழுப்புவது எது? போ என்று சொன்னால் அழுவேனே தவிர எழுந்திருக்கமாட்டேன். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் அந்தோணியம்மா அக்கா, "சாயங்காலம் ஒங்க வீட்டுக்கு வர்றேன் மீனா" என்று சொல்லிவிட்டால் போதும், பாதிக் குடத்தோடு ஓடுவேன், வீடு கிடக்கிற கிடையில் ஆள் வந்தால் என்ன ஆவது என்று பாய் சுருட்டுவேன், துணி மடிப்பேன், பாத்திரம் கவிழ்ப்பேன்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணல் முன்னால் போய் நின்றேன். ஊரே பின்னால் நின்றது. வாயைத் திறந்தேன், முள் குறுக்கே நின்றது. ரித்திகா இறங்க வேண்டுமென்று உதைத்தாள், இறக்கிவிட்டேன், என் சேலையைப் பிடித்துக்கொண்டு மணல் மேல் நின்றாள். அவள் தலையைத் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தெற்கே யாருமில்லாத இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்:

"நீங்க எங்க வீட்டுக்கெல்லாம் வந்துட்டீக. நாங்க இன்னும் ஒங்க வீட்டுக்கு வரலையே. நாளைக்குக் காலையில ஊரோட வர்றோம். அக்கரையில இருந்து இன்னொருத்தரும் வர்றாரு. எங்களுக்காகச் சிரமம் ஒண்ணும் பண்ணிக்கிற வேணாம்."

எத்தனை பேருக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது, கடைசி வீடு வரைக்கும் கேட்டதாக அத்தை இன்றைக்கும் சொல்கிறார். சிரமம் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டபின் சும்மா உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர் உலகத்திலேயே கிடையாது. அது எழுந்த எழுச்சியைப் பார்க்க வேண்டுமே, மடக்கின காலை அங்கேயே நீட்டி, ஒரு நண்டை மறந்து விட்டுவிட்டு, திரும்பி வந்து நண்டை எடுத்துக்கொண்டு, அலையை முன்னால் தள்ளிக்கொண்டு, தெருவில் காயப்போட்ட கருவாட்டின் மேல் ஒரு தூசி படாமல் தெற்கே பாய்ந்து போனது. தன் காலடியிலிருந்து மணல் நழுவிப் போவதைப் பார்த்த ரித்திகா சேலையை விட்டாள், கையை விரித்தாள், அதைப் பிடிக்க ஓர் எட்டு வைத்தாள், அப்புறம் இன்னோர் எட்டு, பிறகு விழுந்து எழுந்து தெரு முனை வரைக்கும் போய்விட்டாள். அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதார். அந்தோணியம்மா அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்து, அத்தையைப் பார்த்து, "கதவுக்கு முட்டுக் குடுக்க வேற ஆளப் பாத்துக்கங்க அத்தாச்சி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லாரும் கிளம்பினோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டோம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பழம், பூ, மிச்சமிருந்த முறுக்கு. நடந்து போகும்போதுதான் எல்லாருக்கும் ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. வலை காயப்போடப் போயிருக்கிறோம், பிள்ளைக்குக் குழி தோண்டப் போயிருக்கிறோம், இங்கே எழுத முடியாத காரியத்துக்கெல்லாம் போயிருக்கிறோம், விருந்தாளியாக ஒரு நாளும் போனதில்லை. ஓரத்திலேயே நின்று காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம்.

வீட்டை எப்படி வைத்திருந்தது தெரியுமா. மணலை அலசி அலசி, பௌர்ணமியைப் பொடி பண்ணின மாதிரி வெளுத்திருந்தது. ஒரு காய்ந்த பாசி இல்லை, ஒரு பிளாஸ்டிக் இல்லை. சிப்பிகளைச் சிறிசு பெரிசு பார்த்து வரிசையாக அடுக்கியிருந்தது, முன்வாசலில் சங்குகள். பெரிய அலை ஒன்று புதுப் பாய் விரிக்கிற மாதிரி விரிந்து விரிந்து திரும்பியது. நாங்கள் கொண்டுபோனதை ஓரமாக வைத்துவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தோம்.

மரைக்காயர் படகு வந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார், வெள்ளைச் சட்டை, கையில் செருப்பு. ஊரே பட்டுச் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்களே விருந்தாளிகள், அடுத்தவர் வீட்டில் வாங்க என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டிய வீட்டுக்காரருக்கு வாய் கிடையாது. கருமலையான் மாமா கண்ணைக் காட்டுகிறார், அத்தை என்னை இடிக்கிறார், மரைக்காயர் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் படகுப் பக்கமுமாக நிற்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் திரும்பிவிடுவார் என்று தெரிந்தது. என் அம்மா திரும்பிப் போனது ஞாபகம் வந்தது.

எழுந்து நின்றேன். "வாங்க," என்றேன். "வாங்கண்ணே. அவுக சார்பா நான் கூப்பிடுறேன். உக்காருங்க."

சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். மணலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார், குனிந்து ஒரு கை அள்ளினார், அது சிரித்துக்கொண்டே ஒழுகியது.

"இது எப்பவுமே இப்படித்தானாம்மா இருக்கும்?"

"இன்னைக்கு நம்ம வர்றோம்னு சொல்லிருந்தோம்ல. அதான்."

கேலி என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் வெயில் ஏறும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்தோணியம்மா அக்கா கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே, வருகிற வாரத்திலிருந்து படகு விடுவதாகச் சொன்னார்.

அந்த முதல் படகில் என் அம்மா வந்தது. கூரைக்குக் கீழே, நடு சீட்டில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. கரையில் நின்று, "வாம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தது. யாருடைய குரல் என்று முதலில் தெரியவில்லையாம். ரித்திகா மணலில் ஓடிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவளைத் தூக்கியது, மோந்தது, என்னைப் பார்த்தது, பேசமுடியாமல் நின்றது. இந்த முள் எனக்கு எங்கிருந்து வந்ததென்று அன்றைக்குத்தான் அத்தைக்குப் புரிந்தது.

வீடு வீடாக விருந்து நடந்தது. கிளம்புகிற அன்று படகில் கால் வைக்கும் முன்னால், இவ்வளவு நல்ல மணலை மிதித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போவதாவது என்று அம்மா திரும்பி நின்று, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது: "வர்றேங்க. எங்க பக்கமும் ஒரு தடவ வாங்க. வறண்ட ஊருதான், இருந்தாலும் வாங்க."

நாங்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கருமலையான் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். மணல் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. ஆனால் படகு மட்டும் போகும்போது ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து போனதாக என் வீட்டுக்காரர் சொன்னார்.

சில நாள் கழித்து அம்மா போனில் பேசியது.

"மீனா, காலையில கதவத் தொறந்தா வாசல்ல ஒரு மொறம் அளவுக்கு வெள்ள மணலு. கூட சின்னதா ஒரு அல. என்னையப் பாத்ததும் மணலுக்குள்ள போயி ஒளியுது. ஒங்க ஊர்க்காரக தானே?"

"அவுகளால இப்ப வர முடியாதும்மா, இங்க தெனம் ஆள் வருது. அதான் பிள்ளைய மட்டும் அனுப்பிருக்காக. நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது, வாடா தங்கம்னேன். சின்னப் பிள்ளைக்குக் காப்பி குடுக்கலாமான்னு தெரியல, பால் ஊத்திருக்கேன். நாளைக்குப் பக்கத்து வீட்ல கூப்பிட்டுருக்காக."

போனில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லாத எங்கள் தெருவில் ஓர் அலை விரிந்து திரும்புகிற சத்தம், அதைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளின் சத்தம். எப்போது திருப்பி அனுப்புவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

அதனால் நீங்கள் எங்கள் தீவுக்கு வரும்போது வெள்ளைக்கரையில் இடது ஓரமாக ஒரு முறத்தளவு பள்ளம் கிடக்கும், அதை மட்டும் காலால் மூடிவிடாதீர்கள். பிள்ளை விருந்துக்குப் போயிருக்கிறது, வந்தால் படுக்க இடம் வேண்டும்.